இடிக்குப் பாவம் தெரியுமா?

மல்லாங்கிணற்றில் சித்திரை மாதத்து வெளிவேலைகளை வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ரேஷன் கடையில் வரிசை நிற்கும். கருவியில் விரலை வைத்தால் ரேகை விழாது. காட்டுவேலையில் தேய்ந்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து வங்கி. நூறு நாள் வேலைப் பணம் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்க்க வேண்டும். போகும்போதே வத்தலையும் மல்லியையும் மில்லில் கொடுத்துவிட்டுப் போனால், திரும்பும்போது பொடியாக வாங்கிக்கொள்ளலாம். தாலுகா ஆபீஸ் வேலை என்றால் காரியாபட்டிக்கும், கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டுமென்றால் விருதுநகருக்கும் பஸ் ஏற வேண்டும். பெரிய வைத்தியத்துக்கு மதுரைதான்.

மல்லாங்கிணறு எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனும் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்த ஊர். ராமகிருஷ்ணனின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் பெயரே ‘வெயிலைக் கொண்டு வாருங்கள்’. கரிசல் மண் நண்பகல் வரை வாங்கிய சூட்டையெல்லாம் பிற்பகலில் மேலே அனுப்பும். அந்தச் சூடான காற்று கடல் பக்கத்து ஈரக்காற்றோடு சேர்ந்து எழும்ப, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் திரண்டுவிடும். வானிலை அறிக்கைக்காரர்கள் வெப்பச்சலனம் என்பார்கள். ஊரில் கோடை மழை என்ற ஒரு சொல்லே போதும்.

மூன்று மணி வாக்கில் மேற்கே கருக்கும். புழுதிக் காற்று வீசும். வீட்டில் இருப்பவர்கள் முதலில் மாடிக்கு ஓடுவார்கள். காயப்போட்ட வத்தல், கூழ் வடகம், துணி எல்லாவற்றையும் அள்ளி இறங்குவதற்குள் முதல் துளி முதுகில் சுள்ளென்று விழும். கரன்ட் போகும். டி.வி. பிளக்கைப் பிடுங்கு, ஆட்டை உள்ளே பிடித்துக் கட்டு என்று திண்ணையிலிருந்து அப்பத்தாவின் உத்தரவு வந்துகொண்டே இருக்கும். “ஏய்யா, வேப்பமரத்துக்குக் கீழ நிக்காத, உள்ள வா” என்று பேரனை அதட்டும் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூடுதல். சில வீடுகளில் கண்ணாடியைத் துணி போட்டு மூடுவார்கள். சில வீடுகளில் இரும்புச் சாமான் ஒன்றை எடுத்து முற்றத்தில் போடுவார்கள். பளீரென்று வெட்டியதும் எல்லா வீட்டிலும் ஒரே சொல்தான்: “அர்ச்சுனா, அர்ச்சுனா!”

அர்ச்சுனனை ஏன் கூப்பிட வேண்டும்? இடியை வைத்திருப்பவன் இந்திரன். வச்சிராயுதம் அவன் கையில். மகாபாரதக் கதைப்படி அர்ச்சுனன் அவன் மகன். மகன் பெயரைச் சொன்னால் தகப்பன் ஓங்கிய கையைத் தாழ்த்துவான் என்பது ஊரார் கணக்கு. அந்தப் பெயரைச் சொல்லும்போது வாய் திறந்து செவிப்பறை காப்பாற்றப்படுகிறது என்று பிற்காலத்தில் ஒரு விளக்கம் கிளம்பியிருக்கிறது. அந்த விளக்கம் இல்லாமலே வழக்கத்துக்கு அழகு உண்டு. ஆயுதம் ஏந்தியவனோடு உறவு சொல்லிப் பேசிவிடலாம் என்கிற நம்பிக்கை அது. இதே மாவட்டத்தில் ஓர் ஆற்றுக்கும் அர்ச்சுனா நதி என்றே பெயர். அது வைப்பாற்றோடு கூடும் இருக்கன்குடியில்தான் மாரியம்மன் இருக்கிறாள். மழைக்கும் அம்மைக்கும் ஒரே தெய்வமாக அவளை இந்தச் சீமை கும்பிடுகிறது.

மழை விட்டதும் பிள்ளைகள் தெருத் தண்ணீரில் இறங்குவார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததா என்று பெரியவர்கள் பார்க்கப் போவார்கள். மறுநாள் பேப்பரில், எங்கோ ஓர் ஊரில், நான்கு வரிச் செய்தி இருக்கும்: மின்னல் தாக்கி ஆடு மேய்த்தவர் பலி. அல்லது, காட்டில் களையெடுத்த பெண் பலி. உடன் இருந்தவர்கள் காயம். துக்க வீட்டு வாசலில் யாராவது ஒருவர் மெல்லிய குரலில் கேட்டுவிடுவார்: “அப்படி என்ன பாவம் செஞ்சாளோ?”

கேட்பவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஒரே வரப்பில் ஆறு பேர் குனிந்து வேலை செய்தார்கள். ஒருத்தி மட்டும் எழவில்லை. ஏன் அவள்? காரணம் இல்லாத சாவை மனித மனத்தால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. “உன் தலையில இடி விழ” என்று சாபம் கொடுக்கும் மொழியில், இடி ஆளைப் பார்த்து விழும் என்கிற எண்ணம் எப்போதோ குடியேறிவிட்டது. ஆளைப் பார்த்து விழுகிறது என்றால், பார்த்து அனுப்புகிறவன் ஒருவன் இருக்க வேண்டும். அவன் நியாயவான் என்றால், செத்தவள் மேல் ஒரு குற்றம் இருக்க வேண்டும். தெய்வத்தின் நியாயத்தைக் காப்பாற்றப் போய்ச் செத்தவளின் பெயரைக் கெடுக்கிற இடத்தில் இந்தத் தர்க்கம் வந்து நிற்கிறது.

இந்தத் தர்க்கத்தில் காந்தியே ஒரு முறை நின்றார். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அரிசன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனையாகவே அந்த நிலநடுக்கத்தைத் தாம் பார்ப்பதாகச் சொன்னார். விருதுநகரிலிருந்து ரயிலில் சில மணி நேரத் தொலைவில், இந்தத் தென்சீமை மக்கள் முன்னிலையில் சொல்லப்பட்ட வார்த்தை அது. கோயில் வாசலும் பொதுக் கிணறும் மறுக்கப்பட்டவர்கள் அந்தப் பேச்சை ஆறுதலாகவும் கேட்டிருக்கலாம்.

தாகூர் கொதித்துப் போனார். காந்தியை மகாத்மா என்று மதித்தவர் அவர். தீண்டாமையை எதிர்ப்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்றார் தாகூர். அவர் வாதத்தில் கூர்மையான இடம் இன்னொன்று: இந்த மாதிரியான நியாயம் காந்தியை எதிர்ப்பவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும், தெய்வக் கோபத்துக்கு காந்தியும் அவர் ஆட்களுமே காரணம் என்று அவர்கள் சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. தாகூரின் மறுப்பை காந்தி தம்முடைய ‘ஹரிஜன்’ இதழில் அப்படியே வெளியிட்டார். கூடவே தம் பதிலையும் எழுதினார். நிரூபிக்க முடியாது, ஆனாலும் நம்புகிறேன் என்பதுதான் அதன் சாரம்.

தொண்ணூறு ஆண்டுகள் கழித்துப் படிக்கும்போது காந்தியின் நெஞ்சு பெரிதாகத் தெரிகிறது. தாகூரின் வாதம் சரியாகத் தெரிகிறது. பீகாரில் இடிந்த வீடுகளில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குடிசைகளும் இருந்தன. தீண்டாமைக்குத் தண்டனை என்றால், அதை அனுபவித்தவர்களும் ஏன் சேர்ந்து சாக வேண்டும்? காந்தியின் நம்பிக்கையில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

மின்னலின் கணக்கும் இப்படித்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி 2022-ல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். அதற்கு முந்தைய ஆண்டு 2,880 பேர். இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்னலால் நேர்ந்தவை. செத்தவர்கள் பெரும்பாலும் வெட்டவெளியில் வேலை செய்தவர்கள்: நாற்று நட்டவர்கள், மாடு மேய்த்தவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள். வட்டிக்கு விட்டு ஊரைக் கெடுத்தவனும், கலப்படம் செய்து கொழுத்தவனும் அந்த நேரத்தில் கான்கிரீட் கூரைக்குக் கீழே இருந்திருப்பார்கள். மேகத்துக்குள் பனித்துகள்கள் உரசி மின்னேற்றம் சேர்கிறது. அது தரைக்கு இறங்கும்போது பக்கத்தில் உயரமாக எது நிற்கிறதோ அதன் வழியாக இறங்கப் பார்க்கிறது. கரிசல் காட்டில் பருத்திச் செடியைவிட உயரமாக நிற்பது பெரும்பாலும் மனிதர்தான். அந்த உயரத்துக்குப் பாவம் என்று பெயர் வைப்பது கொடுமை.

ஊர் வழக்கம் எல்லாமே இந்தக் கொடுமையைச் செய்கிறது என்று சொன்னால் அது பொய். மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் ஊர்களில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். வைக்கோலும் துணியும் வைத்து ஓர் உருவம் செய்து, அதைத் தெருத் தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். பாவம் மிகுந்ததால்தான் மழை நின்றது, அந்தப் பாவத்தைச் சுட்டெரித்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. மேலோட்டமாகப் பார்த்தால் திருநெல்வேலியில் காந்தி பேசியதும் இதுவும் ஒன்றே.

ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கொடும்பாவிக்குப் பெயர் கிடையாது. சாதி கிடையாது, வீட்டு எண் கிடையாது. இன்னார்தான் பாவி என்று அந்தச் சடங்கில் யாரும் விரலை நீட்டுவதில்லை. ஊரின் பாவத்தை ஒரு வைக்கோல் பொம்மை சுமக்கிறது. ஊர் முழுக்கக் கூடி அதற்காக அழுகிறது. மழைச்சோறு எடுக்கும் பெண்களும் அப்படித்தான். வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, தெருவில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். தத்துவ நூல் எதையும் படிக்காதவர்கள் கண்ட வழி இது. துன்பத்துக்குக் காரணம் கேட்கும் மனத்துக்கும் வழி விட்டார்கள். உயிரோடு இருக்கும் எவரையும் குற்றவாளி ஆக்காமலும் காத்தார்கள். துக்க வீட்டு வாசலில் “என்ன பாவம் செஞ்சாளோ” என்று கேட்பவர் தம் முன்னோரின் இந்த நாகரிகத்திலிருந்து கீழே இறங்கிவிடுகிறார்.

இன்னொரு பதிலும் உண்டு: விதி. மல்லாங்கிணற்றுக்குப் பக்கத்துத் தாலுகா திருச்சுழி. 1879 டிசம்பர் 30 அன்று ரமணர் பிறந்த ஊர். அவர் திருவண்ணாமலைக்குப் போய் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1898-ல், தாயார் அழகம்மாள் தேடி வந்து வீட்டுக்குத் திரும்பும்படி நாள் கணக்கில் அழுது மன்றாடினார். மௌனத்தில் இருந்த மகன் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவரவர் பிராரப்தப்படி நடத்துபவன் நடத்துவான். நடவாதது என்ன முயன்றாலும் நடவாது. நடப்பது என்ன தடுத்தாலும் நில்லாது. மௌனமாக இருப்பதே நல்லது என்பது அதன் பொருள். தென்னாட்டில் விதியைப் பற்றிப் பேசும் எவரும் இந்தச் சீட்டைத் தாண்டிப் போக முடியாது.

அந்தச் சீட்டு எழுதப்பட்ட இடத்தை மறந்துவிடக் கூடாது. பிள்ளையைப் பிரிந்த ஒரு தாய்க்கு, அவள் தவிப்பு அடங்குவதற்காகச் சொன்னது அது. வேலையாட்களை இடி மின்னலில் உட்கார வைத்துவிட்டு “எல்லாம் விதி” என்று ஒரு முதலாளி சொல்லிக்கொள்வதற்காக எழுதப்பட்டதல்ல. தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவர் விதியை நினைப்பது பக்குவம். அடுத்தவர் துன்பத்துக்குத் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விதியை இழுப்பது ஏமாற்று. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. அதே நூலில் முயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. வள்ளுவர் இரண்டையும் வைத்தது யோசித்துத்தான்.

இந்தச் சீமையில் இந்தப் பேச்சு வெறும் தத்துவமாக நின்றுவிடுவதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். வறண்ட காற்றும் மானாவாரி விவசாயம் கைவிட்ட கைகளும் இருந்ததால்தான் இங்கே தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதன் தொடர்ச்சியாகப் பட்டாசு வந்தது. அதனால் இங்கே ஒரே நாளில் இரண்டு வேண்டுதல் மேலே போகிறது. மக்காச்சோளம் விதைத்தவர் மழை கேட்கிறார். களத்தில் வெடியைக் காயப் போட்டவர் இன்றைக்கு மழை வேண்டாம் என்கிறார். இருவரும் இருக்கன்குடிக்குப் போகிறவர்கள்தான். பல வீடுகளில் இரண்டையும் கேட்பவர் ஒரே ஆள்: காலையில் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறும் பெண்ணுக்கு ஊரில் ஒரு குறுக்கம் புஞ்சையும் இருக்கும். அம்மன் யார் பக்கம் நிற்பாள் என்ற கேள்விக்கு விடை கிடையாது. அழிப்பதும் ஆளாக்குவதும் ஒரே மழையின் வேலை என்று வான்சிறப்பு அதிகாரத்தில் வள்ளுவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வரத்தைத் தனியாகவும் ஆபத்தைத் தனியாகவும் பிரித்து வாங்க முடியாது.

பிரித்து வாங்க முடியாததைத் தடுத்து இறக்கலாம் என்று கண்டுபிடித்ததுதான் இடிதாங்கி. அதுவும் பக்தியோடு மோதித்தான் வர வேண்டியிருந்தது. 1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் இடிதாங்கியைப் பற்றி ஊரறியச் சொன்னபோது, கடவுள் அனுப்புவதை இரும்புக் கம்பியால் மறிப்பதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1755-ல் பாஸ்டன் பக்கம் நிலம் நடுங்கியபோது, ஊரில் பெருகிய அந்தக் கம்பிகள் மேல் பாதிரியார் ஒருவரே சந்தேகப்பட்டார். ஐரோப்பாவில் இடியை விரட்டக் கோயில் மணியை அடிப்பது அப்போது வழக்கமாக இருந்தது. ஊரிலேயே உயரமான கோபுரத்துக்குள், நனைந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அடிப்பார்கள். 1784-ல் மியூனிக்கில் வெளிவந்த ஒரு நூல், 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களில் இடி விழுந்ததாகவும் மணியடித்தவர்களில் 103 பேர் செத்ததாகவும் கணக்குச் சொன்னது. ஊரைக் காக்க மணியடித்தவர்கள் அவர்கள். அவர்களையும் பாவிகள் என்று எண்ண யாருக்கு மனம் வரும்?

சிவகாசிப் பக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் இத்தாலியில் உள்ள பிரெஷா. 1769 ஆகஸ்டில் அந்த நகரத்துக் கொத்தளம் ஒன்றில் இடி விழுந்தது. அங்கே டன் கணக்கில் வெடிமருந்து அடுக்கி வைத்திருந்தார்கள். நகரத்தின் ஒரு பகுதியே தரைமட்டமானது, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். வெடிமருந்துக் கிடங்குகளுக்கு இடிதாங்கி வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் வலுத்தது. கோபுரக் கலசத்தில் போடும் வரகே இடிதாங்கி என்று நம் ஊரில் இப்போது பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். கலசத்துத் தானியத்தின் மேல் பக்தி இருக்கட்டும். கோபுரச் சுதை இடி விழுந்து உடைந்தது என்ற செய்தியும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. உச்சியிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் செம்புப் பட்டை இல்லாமல் எந்தக் கட்டடமும் தப்புவதற்கு உறுதி கிடையாது. சாமி கோபுரத்துக்கே அப்படி என்றால் பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குக் கேட்க வேண்டியதில்லை.

மருந்து அறை என்பது நாலு சுவர், ஒரு கூரை, நாலு பக்கமும் கதவு. ஓடித் தப்புவதற்குத்தான் அத்தனை கதவு. உள்ளே வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் கலக்கப்படும். அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். நேரம் கழித்தும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது என்கிறார்கள். மழை வந்தால் இடி ஒரு ஆபத்து, ஈரம் இன்னொரு ஆபத்து. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் தெளிவாக இருக்கின்றன. இடிதாங்கி வேண்டும், அதை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், இடிமழை நெருங்குகிறது என்று தெரிந்தால் வேலையை நிறுத்தி ஆட்களைப் பாதுகாப்பான தூரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். மின்னல் தாக்கிப் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்ற செய்தி இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. ஆட்கள் முன்பே வெளியேறிய இடங்களில் கட்டடம் மட்டும் போயிருக்கிறது.

சட்ட விதி தாளில் இருக்கிறது. அதை நடக்க விடாமல் செய்வது கூலி முறை. இங்கே பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி. எத்தனை திரி செருகினாய், எத்தனை வெடி கட்டினாய் என்று பார்த்துப் பணம். மேற்கே கருக்கும்போது எழுந்து வெளியே வந்தால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். ‘இன்னும் ஒரு பெட்டி முடித்துவிட்டுப் போகலாம்’ என்று வேலைக்கு வந்தவள் உட்காருவது அதனால்தான். அவளை அந்த இடத்தில் உட்கார வைத்தது இந்திரனும் இல்லை, முற்பிறவியும் இல்லை. அந்த ஒரு பெட்டிக்கான காசு.

அதனால் இந்தச் சீமையின் பக்திமான்களிடம் ஒரு வேண்டுகோள். பங்குனிப் பொங்கலுக்கும் ஆடிக் கடைசி வெள்ளிக்கும் நன்கொடைச் சீட்டில் முதல் பெயராக இருப்பவர்கள் பலர் பட்டாசு ஆபீஸ் நடத்துகிறார்கள். இடி கேட்டதும் ஆட்களை வெளியே அனுப்புங்கள். அனுப்பிய நேரத்துக்கும் கூலி கொடுங்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், செத்தவள் என்ன பாவம் செய்தாள் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அவளை யார், எத்தனை மணி வரை, எங்கே வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள்.